ஊர்ப்பணத்தை எங்கே வைப்பது: மன்றோ காலத்திலிருந்து நான்கு வழிகள்

எங்கள் ஊருக்குப் பொதுவாக இருந்த 12 சென்ட் நிலம் நான்குவழிச் சாலைக்குப் போய்விட்டது. பழைய சாவடி நின்ற இடம் அது. கூரை விழுந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, ஆடு கட்டவும் சீட்டு விளையாடவும் மட்டும்தான் பயன்பட்டது. ஆனாலும் பட்டா ஊர் பேரில் இருந்ததால் நஷ்டஈடும் ஊர் பேரிலேயே வந்து வங்கியில் கிடக்கிறது. வட்டியில் பிள்ளைகளுக்குப் படிப்புதவி கொடுக்கலாம், ஒரு பங்கில் படிப்பகம் கட்டலாம் என்பதுவரை எல்லோருக்கும் சம்மதம். பணத்தை யார் பேரில், எந்தக் கணக்கில் வைப்பது என்று கேட்டதும் ஊர்க் கூட்டம் இரண்டு முறை சண்டையில் முடிந்தது.

நான் வக்கீல் இல்லை. பழைய திருவிதாங்கூர்ச் சங்கதிகளைப் படிக்கும் கிறுக்கு மட்டும் உண்டு. அப்படிப் படித்ததில் தெரிந்தது, நாங்கள் கூட்டத்தில் கத்திக்கொண்ட நான்கு யோசனைகளையும் வெள்ளைக்காரன் காலத்து சர்க்கார்கள் ஏற்கெனவே பெரிய அளவில் செய்து பார்த்திருக்கின்றன என்பதுதான். எந்த வழியில் பணம் எப்படிக் கரைந்தது என்பதும் தெரியும். அதனால் அடுத்த கூட்டத்துக்கு முன்னால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் யோசனை, "சர்க்காரிடமே கொடுத்துவிடுவோம், அவர்களே செய்து தருவார்கள்" என்பது. நம் குமரி மாவட்டத்துக்காரனுக்கு இதற்கு வேறெங்கும் போய் உதாரணம் தேட வேண்டாம். 1809இல், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகத் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாய் நடத்திய கலகம் அடங்கியது. கர்னல் மன்றோ ரெசிடென்டாக, அதாவது திருவிதாங்கூரில் கம்பெனியின் பிரதிநிதியாக வந்தார், 1811 முதல் 1814 வரை திவானாகவும் அவரே இருந்தார். கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பாக்கி கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது, கஜானா காலி. அப்போது ஊராளர்கள் என்ற பரம்பரைக் கோயில் நிர்வாகிகள் கையில் இருந்த நூற்றுக்கணக்கான கோயில்களையும் அவற்றின் நிலபுலன்களையும் அவர் சர்க்கார் வசம் எடுத்துக்கொண்டார். நிர்வாகம் சீர்கெட்டிருந்தது என்பது சொல்லப்பட்ட காரணம், அதில் உண்மையும் இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கில் நடந்ததைப் பாருங்கள். கோயில் நிலத்துப் பாட்டமும் (குத்தகை) நெல்லும் சர்க்கார் நிலவரியோடு ஒரே வரவில் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு கோயிலுக்கும் பூஜைக்கு இவ்வளவு, உற்சவத்துக்கு இவ்வளவு என்று 'பதிவு' போட்டு, சர்க்கார் செலவில் இருந்து கொடுத்தார்கள். வரவு அந்தந்தக் கோயிலுடையது என்ற அடையாளம் ஒரு தலைமுறைக்குள் மறைந்தது. செலவு மட்டும் சர்க்கார் போடும் பிச்சை மாதிரி ஏட்டில் நின்றது.

இதில் திருட்டு எதுவும் நடக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஒருவரும் பையில் போட்டுக்கொண்டு ஓடவில்லை. இரண்டு வாய்க்கால் தண்ணீரை ஒரே குளத்தில் விட்டால் எது பழையாற்றுத் தண்ணீர், எது கோதையாற்றுத் தண்ணீர் என்று அப்புறம் யார் சொல்ல முடியும்?

பிரிட்டிஷ் இந்தியாவிலும் இதே கதை உண்டு, அது இன்னும் சீக்கிரம் வெளுத்தது. 1876–78 பஞ்சத்தில் தென்னிந்தியா செத்துப் பிழைத்த பிறகு, வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் சர்க்காரில் நிதியைக் கவனித்த ஜான் ஸ்ட்ராச்சி, வருஷம் ஒன்றரைக் கோடி ரூபாய் பஞ்சக் காப்புக்கு என்று ஒதுக்குவதாக அறிவித்தார். அதற்கென்று புது வரிகளும் போட்டார்கள். ஆனால் சட்டப்படி தனி நிதி என்று ஒன்றும் உண்டாக்கவில்லை. வரி பொது வருவாயில் விழுந்தது, ஒதுக்கீடு என்பது பட்ஜெட்டில் கொடுத்த வாக்கு, அவ்வளவுதான். சீக்கிரமே ஆப்கான் யுத்தம் வந்தது, வாக்கு காற்றில் போனது. பஞ்சத்துக்குக் கொடுத்த வரி பீரங்கிக்குப் போகிறதா என்று பத்திரிகைகளும், பின்னால் காங்கிரஸ்காரர்களும் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்டு என்ன செய்ய, சட்டத்தில் பிடி இல்லை. 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் மாகாணங்கள் பஞ்ச நிதிக்கு வருஷம் குறிப்பிட்ட தொகையை எடுத்து வைத்தே ஆக வேண்டும் என்று விதி எழுதினார்கள்.

ஆகவே, முதல் யோசனைக்கு என் ஓட்டு இல்லை. பஞ்சாயத்தின் பொது நிதியில் போட்டு, "படிப்பகத்துக்கு" என்று தீர்மானம் எழுதி வாங்கினால் போதும் என்று சொல்லும் அண்ணாச்சிமாரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த மழையில் ரோடு அறுத்துக்கொண்டு போனால் அந்தத் தீர்மானம் என்ன ஆகும்?

இரண்டாவது வழி, சர்க்காருக்குள்ளேயே இருக்கட்டும், ஆனால் தனிக் கணக்கில் என்பது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்றோ கலந்துவிட்ட தண்ணீரை நூறு வருஷம் கழித்து மறுபடி பிரித்தார்கள். கொல்லம் ஆண்டு 1097, அதாவது 1922இல் திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா பேரில் தேவசம் பிரகடனம் வந்தது; தேவசம் என்றால் கோயில் சொத்தும் நிர்வாகமும். அதற்குப் பின்னால் இருந்தது பக்தி மட்டும் அல்ல, உத்தியோகச் சண்டையும் உண்டு. கோயில் நிர்வாகம் ரெவின்யூ இலாகாவோடு ஒட்டிக்கிடந்ததால், தாசில்தார் என்பவர் கோயில் காரியமும் பார்க்க வேண்டியவர். கோயிலுக்குள் நுழைய முடியாத ஈழவரும் நாடாரும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் அந்த இலாகாவிலேயே நுழைய முடியாது. எல்லோரும் வரி கட்டுகிறோம், பாதிப் பேருக்கு அந்த இலாகாவில் இடமில்லை என்றால் என்ன நியாயம் என்று கேட்டுக் கிளர்ச்சி கிளம்பிய பிறகுதான் தேவசத்துக்குத் தனி இலாகா, தனி நிதி என்றார்கள். ஒரு கணக்குத் தலைப்பைப் பிரித்ததால் ஒரு இலாகாவின் கதவே திறந்தது. கணக்குப் புத்தகத்தைச் சலிப்பான சமாச்சாரம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அந்தத் தேவசம் நிதிக்கு முதலில் வைத்தது நிலையான தொகை அல்ல, பங்கு. நிலவரி வருமானத்தில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் என்று. வருமானம் ஏறினால் பங்கும் ஏறும். மன்றோ எடுத்துக்கொண்டது நிலத்தை, ஆகவே திருப்பிக் கொடுப்பதும் நிலத்தின் விளைச்சலோடு சேர்ந்து போகட்டும் என்பது நியாயமான கணக்கு. 1946இல் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில் பழைய நிலவரி ஏற்பாட்டையே தூக்கிவிட்டு, ஏக்கருக்கு 14 அணா என்று எல்லா நிலத்துக்கும் ஒரே அடிப்படை வரி போட்டார்கள். பங்கு எடுக்கப் பழைய வரியே இல்லை. அப்புறம் தேவசத்துக்கு வருஷத்துக்கு இவ்வளவு லட்சம் என்று எண் எழுதினார்கள்.

எண் எழுதிய அன்றே எலி கொறிக்கத் தொடங்கிவிட்டது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது செய்த உடன்படிக்கை வழியாக அந்த எண் நேராக அரசியல் சட்டத்துக்குள் போனது. திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம் வருஷம் 51 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். 1956 நவம்பர் 1இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அதையும் பிரித்து, 290ஏ என்ற புது உறுப்பு சேர்த்தார்கள். கேரளம் 46 லட்சத்து 50 ஆயிரம், நம் பக்கத்துக் கோயில்களுக்காகத் தமிழ்நாடு 13 லட்சத்து 50 ஆயிரம். கூட்டினால் 60 லட்சம், கொஞ்சம் கூட்டித்தான் கொடுத்திருக்கிறார்கள். சட்டப் பாதுகாப்பு என்று பார்த்தால் இந்தியாவில் இதற்கு மேல் கெட்டியான ஏற்பாடு கிடையாது. மாநிலத்தின் தொகுப்பு நிதியில் இருந்து கொடுத்தே தீர வேண்டும், சட்டசபையில் பேசலாம், ஓட்டுப் போட்டு நிறுத்த முடியாது. எந்தக் கட்சி வந்தாலும் தொட முடியாது.

ஆனால் தொகை? 1956இல் 13.5 லட்சம். இன்றைக்கும் அரசியல் சட்டத்தில் அதே 13.5 லட்சம். அன்றைக்கு அந்தப் பணத்தில் சுசீந்திரம் முதல் சின்னச் சின்னக் கோயில்கள்வரை எவ்வளவோ நடந்திருக்கும். இன்றைக்கு நாகர்கோவிலில் நல்ல இடத்தில் நாலைந்து சென்ட் நிலம் வாங்கப் போனாலே அது காணாது. அதனால்தான் மாநில அரசு அதற்கு மேலே தனியாக மானியம் கொடுத்து நம் மாவட்டக் கோயில்களை ஓட்டுகிறது. அந்த மானியத்துக்கு 290ஏயின் பூட்டு கிடையாது, ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்க வேண்டும். பூட்டுப் போட்ட பெட்டியில் சில்லறை, பூட்டு இல்லாத பெட்டியில் நோட்டு.

இதே வழியில் இன்னொரு உதாரணம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மலாயாவில் ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழ்க் கூலிகளைக் கொண்டுபோக 1907இல் 'தமிழ்க் குடியேற்ற நிதி' என்று சட்டம் போட்டு உண்டாக்கினார்கள். தமிழ்க் கூலிகளை வேலைக்கு வைக்கும் முதலாளி எல்லோரும், அவர்கள் எத்தனை நாள் வேலை செய்தார்களோ அந்தக் கணக்குக்குத் தீர்வை கட்ட வேண்டும். பணம் பொது வருவாயில் சேராது. குடியேற்றக் குழு என்ற தனிக் குழு கப்பல் கூலிக்கும் ஆள் கொண்டுவரும் செலவுக்கும் பின்னால் ஊர் திரும்புகிறவர்களுக்கும் அதிலிருந்து செலவழிக்கும். கணக்கு வைப்பில் நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். வரவுக்குச் சட்டம், செலவுக்குக் காரணம், தனி ஏடு, எல்லாம் இருந்தது. குழுவில் இருந்தவர்கள் அதிகாரிகளும் தோட்டத்துரைகளும். யார் பெயரில் நிதியோ அந்தத் தமிழனுக்கு அதில் பேச்சில்லை. 1938இல் இந்தியா கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது, நிதியில் மிச்சம் நின்றது. 1958இல் அதை மலாயா அரசு தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று மாற்றியது. 1999இல் அந்த நிதியையும் கலைத்து, சொத்தை அரசாங்கத்தில் சேர்த்தார்கள். அது எங்கள் வியர்வை என்று அங்குள்ள தமிழர்கள் இன்றும் கேட்கிறார்கள். தனி நிதிக்கு ஆயுள் அதை உண்டாக்கிய சட்டம் இருக்கும்வரைதான். சட்டம் போடுகிறவன் கையில் சட்டத்தை எடுக்கவும் முடியும்.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். 12 சென்ட் பணத்துக்காக யாரும் சட்டம் போடப் போவதில்லை. ஆனால் உள்ளாட்சிக் கணக்கில் தனித் தலைப்பில் வைப்புத் தொகையாக வைக்கலாமே என்று எங்கள் ஊரில் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மாமா சொன்னார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1871இல் உள்ளூர் நிதிச் சட்டம் போட்டு, நில வாடகையில் ரூபாய்க்கு ஓரணாவரை தீர்வை வாங்கி ரோட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தனியாக வைத்தார்கள். அதைத் தணிக்கை செய்ய வந்த ஏற்பாடுதான் இன்றைய உள்ளாட்சி நிதித் தணிக்கைவரை நீள்கிறது. பெட்டி ஒன்று, கஜானாவும் ஒன்று, ஏட்டில் மட்டும் பக்கம் வேறு. தணிக்கைக்காரர் வருவார், தப்பு கண்டால் ஆட்சேபணை எழுதுவார். அது பெரிய நன்மை. எனக்குள்ள தயக்கம் ஒன்றுதான்: அங்கிருந்து பணத்தை எடுக்கக் கையெழுத்து போடுகிறவர் எங்கள் ஊர்க்காரர் அல்ல. ஜூன் மாதம் பிள்ளை கல்லூரியில் சேர வேண்டும், அனுமதி ஆவணியில் வந்தால் யாருக்கு லாபம்?

மூன்றாவது வழியைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை, நான்தான் சொல்லப் போகிறேன். 1890ஆம் வருஷத்து அறக்கொடைச் சட்டம். பிரிட்டிஷ் சர்க்கார் போட்ட சட்டங்களில் அடக்கமான, அதிகம் பேசப்படாத சட்டம். ஒவ்வொரு மாகாணத்துக்கும் 'அறக்கொடைகளின் பொருளாளர்' என்று ஒரு அதிகாரி, பதவியின் பேரில். தர்மத்துக்கான முதல் தொகையை அவர் பேரில் ஒப்படைக்கலாம். அவர் அதைச் சர்க்கார் பத்திரத்தில் போட்டு வைத்துக்கொள்வார். அவர் வேலை அவ்வளவுதான், நிர்வாகம் அவர் செய்யமாட்டார். வட்டியை, ஏற்கெனவே எழுதி அரசிதழில் வெளியிட்ட 'ஸ்கீம்' படி, நாம் சொல்லும் நிர்வாகக் குழுவுக்குக் கொடுத்துவிடுவார். முதலைத் தொடும் கை வேறு, வட்டியைச் செலவழிக்கும் கை வேறு. இந்தப் பிரிவுதான் அந்தச் சட்டத்தின் மூளை. 1900இல் ஜெய்ப்பூர் மகாராஜா லட்சக்கணக்கில் பத்திரங்களைக் கொடுத்துத் தொடங்கிய இந்திய மக்கள் பஞ்ச நிவாரண அறக்கட்டளை இந்தச் சட்டத்தின் கீழ்தான் வந்தது. ஸ்ட்ராச்சியின் பஞ்ச ஒதுக்கீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே பஞ்ச நிவாரணக் காரியம், அதே சர்க்கார். இந்தப் பணத்தை எந்த யுத்தத்துக்கும் எடுக்க வழியில்லை.

குறை இல்லாமல் இல்லை. மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ மட்டுமான காரியத்தை இந்தச் சட்டம் ஏற்காது. எங்கள் கூட்டத்தில் "கொஞ்சம் பணம் கோயில் கொடை விழாவுக்கும் இருக்கட்டும்" என்று ஒரு குரல் கேட்டது. அது வேண்டும் என்றால் இந்த வழி அடைபடும். எனக்கு அது குறையாகவே படவில்லை, சர்ச்சுக்குப் போகிற வீடுகளும் அந்த 12 சென்டுக்குச் சொந்தம்தானே. நிஜமான குறை பத்திரம். அந்தக் காலத்தில் மூன்றரை சதவீத சர்க்கார் பத்திரம் என்றால் கல்லில் எழுதிய மாதிரி என்று நினைத்தார்கள். முதல் உலக யுத்தம் முடிந்து விலைவாசி ஏறியபோது நூறு ரூபாய்ப் பத்திரத்தின் சந்தை விலை பாதியை நோக்கி இறங்கியது. வட்டி மட்டும் அதே மூன்றரை. 290ஏயைக் கொறித்த அதே எலிதான். ஆகவே ஸ்கீமிலேயே, வருஷா வருஷம் வட்டியில் ஒரு பங்கு முதலோடு சேர வேண்டும் என்று எழுத வேண்டும். நான் கால் பங்கு என்கிறேன். பத்து வருஷம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், பரவாயில்லை.

நான்காவது, "நம்ம ஊர், நம்ம பணம், நாமே வைத்துக்கொள்வோம்." சங்கமாகப் பதிவு செய்யலாம், 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருஷா வருஷம் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். இல்லை, சார்பதிவாளர் ஆபீசில் அறக்கட்டளைப் பத்திரம் எழுதலாம். கேட்க இனிப்பாக இருக்கிறது. பொதுமக்கள் தர்மத்துக்கு 1882 டிரஸ்ட் சட்டம் நேரடியாகப் பொருந்தாது என்பதால், எழுதும் பத்திரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் வேதம். அதை டைப் அடிக்கும் கடையில் கிடைக்கும் மாதிரியைப் பார்த்து எழுதுகிறவர்கள்தான் அதிகம். சென்னை மாகாணத்தில் 1863ஆம் வருஷச் சட்டத்தில் சர்க்கார் கோயில் நிர்வாகத்தில் இருந்து கையைக் கழுவிக்கொண்டு, உள்ளூர்க் குழுக்களிடம் கொடுத்தது. அதில் ஒரு உறுப்பினர் உள்ளே வந்தால் ஆயுள் முழுக்க உறுப்பினர்தான், நடத்தை கெட்டு நீக்கினால் ஒழிய. அந்த ஒரு வரி எத்தனை கோயிலைத் தின்றதோ. எங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு கமிட்டியில் கணக்குப் புத்தகம் ஒரே வீட்டில் பல வருஷம் கிடந்து, கடைசியில் கரையான் அரித்துவிட்டது என்று பதில் வந்ததை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

நம்மாட்கள் நேர்மையானவர்களாகவே இருந்தாலும் பிளவு வந்தால் என்ன என்பதற்கு வட்டிப்பணம் வழக்கு இருக்கிறது. 1808இல், மன்றோவுக்கு முன்னால் ரெசிடென்டாக இருந்த மெக்காலே வழியாக 3000 நட்சத்திர வராகன் (அக்காலப் பொன் நாணயம்) கம்பெனியிடம் வைப்பாக வைக்கப்பட்டது. ரூபாய்க் கணக்கில் 10,500. வட்டி எட்டு சதவீதம், கேரளத்துக் கிறிஸ்தவர்களின் மலங்கரை சுரியானி சபைக்கு. வருஷத்துக்கு 840 ரூபாய். முதலுக்கு ஒரு ஆபத்தும் இல்லை, கம்பெனி போய் மகாராணி சர்க்கார் வந்தும் அது அப்படியே நின்றது. ஆனால் சபை இரண்டு கட்சியாகப் பிரிந்தபோது, வட்டியை யார் கையெழுத்தில் கொடுப்பது என்று சர்க்காருக்கே தெரியவில்லை. பணத்தைத் திருவனந்தபுரம் கோர்ட்டில் கட்டிவிட்டு, உரிமைக்காரர் யார் என்று நீங்களே சொல்லுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டது. 1913 வாக்கில் தொடங்கிய அந்த வழக்கு 1928வரை இழுத்தது. சண்டை பணத்துக்காக மட்டும் அல்ல, வட்டி வாங்குகிறவன்தான் சபைக்குத் தலைவன் என்றாகிவிடும் என்பதற்காகவும்தான். எங்கள் ஊரிலும் யார் செக்கில் கையெழுத்து போடுகிறாரோ அவர்தான் ஊர்த் தலைவர் என்றாகும். இந்த ஆபத்து மூன்றாவது வழியிலும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிர்வாகக் குழுவை ஆள் பேரில் எழுதாமல் பதவியின் பேரில் எழுதினால் பாதி குறையும். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், அஞ்சலக அதிகாரி, ஊர் தேர்ந்தெடுக்கும் மூவர், அதில் ஒரு பெண், எவருக்கும் மூன்று வருஷத்துக்கு மேல் கிடையாது.

என் முடிவு இது. படிப்பகத்துக்கான பங்கை எந்த நிதியிலும் வைக்க வேண்டாம், இந்த வருஷமே கட்டிவிட வேண்டும். கட்டடத்துக்கான பணத்தைப் பூட்டி வைப்பதைப் போல முட்டாள்தனம் இல்லை, சிமென்ட் விலை யாருக்காகவும் காத்திருக்காது. படிப்புதவிக்கான பங்கு முழுவதும் 1890 சட்டத்தின் வழிக்குப் போகட்டும். விண்ணப்பம், அனுமதி, அரசிதழ் என்று இழுக்கும், ஒரு வருஷம்கூட ஆகலாம். அதுவரை வங்கியில் மூவர் கையெழுத்தில் நிரந்தர வைப்பாகக் கிடக்கட்டும். இழுத்தடித்து நடக்காமல் போனால், பதிவு செய்த அறக்கட்டளை. அப்போதும் முதலை உடைக்க முடியாது, கால் பங்கு வட்டி முதலுக்கு, ஆயுள் உறுப்பினர் கிடையாது என்ற மூன்று நிபந்தனைகளோடு. இந்த மூன்றில் ஒன்றைத் தளர்த்தினாலும் நான் கையெழுத்து போடமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கூட்டத்தில் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்கீமின் வரைவை எழுத உட்கார்ந்தேன், இரண்டாவது பத்தியில் பேனா நின்றுவிட்டது. 'ஊர்ப் பிள்ளைகள்' என்றால் யார்? இங்கே பிறந்து கட்டிக்கொடுத்துத் தக்கலைக்கும் வள்ளியூருக்கும் போன பெண்களின் பிள்ளைகள் சேர்த்தியா? சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழி இருந்த நாஞ்சில் நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் வேறு பதில் இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் பெண்களும் வரட்டும், அந்த வரியை அங்கேயே எழுதிக்கொள்ளலாம்.